படவரைவு நூலகத்தை வேறு மொழிக்குக் கொணர்தல்



கணினித் திரையில் ஒரு பந்து துள்ளுகிறது. ஒரு வண்டி ஓடுகிறது. ஒரு கோலம் புள்ளி புள்ளியாக விரிகிறது. இவற்றை வரைந்து காட்டும் ஆணைகளின் தொகுதியைப் படவரைவு நூலகம் என்கிறோம். அத்தொகுதி ஒரு நிரல்மொழியில் எழுதப்பட்டிருக்கும். அதைப் பயன்படுத்த விரும்பும் மாணவரோ வேறொரு நிரல்மொழியைப் பயின்றிருப்பார். இவ்விரண்டையும் இணைப்பது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருள் வல்லுநர்க்கு மட்டுமே உரியதன்று. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரண்டு ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரிகளும் உள்ளன. விழுப்புரத்தின் குனு லினக்ஸ் பயனர் குழு, கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்க்குக் கற்பித்து வருகிறது. இவ்வூர்களில் கணினி பயிலும் மாணவருள் பலர் தமிழ்வழியில் படித்தவர். ‘கணினிக்குத் தமிழிலேயே ஆணையிட இயலாதா?’ என்று அவர்கள் கேட்பது இயல்பு. இயலும் என்பதே விடை. ஆனால் அதற்குச் சில பாலங்கள் கட்டியாக வேண்டும்.

முதலில், ஏன் இரண்டு மொழிகள் என்று பார்ப்போம். இன்றைய திரை ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் இருப்பதாகக் கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் 20,73,600 புள்ளிகள் வருகின்றன. அசைவு இயல்பாகத் தோன்றும்பொருட்டு, படத்தை நொடிக்கு 60 முறை புதிதாக வரைந்தால், ஒரு நொடியில் நிறம் தீட்ட வேண்டிய புள்ளிகள் 12 கோடிக்கும் மேலாகும். இவ்வளவு விரைவு வேண்டியிருப்பதால், வரையும் பொறிகளைச் சி, சி பிளஸ் பிளஸ் முதலிய மொழிகளில் எழுதுகின்றனர். அவை பொறியின் போக்குக்கு நெருங்கிய மொழிகள்; விரைவானவை; கற்பதற்குச் சற்றுக் கடினமானவை. பைத்தான் போன்ற மொழிகள் மனிதனின் போக்குக்கு நெருங்கியவை, எளியவை, ஆனால் வேகம் குறைந்தவை. வேகத்தை ஒன்றிடமிருந்தும் எளிமையை மற்றொன்றிடமிருந்தும் பெறுவதற்கே இணைப்பு வேண்டப்படுகிறது.

இதனை விளக்க விழுப்புரம் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சென்ற நூற்றாண்டின் இறுதியிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கு இரு வகைத் தண்டவாளங்கள் ஒருங்கே இருந்தன. ஒன்று 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. மற்றொன்று 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதை. ஒரு பாதையின் வண்டி மறு பாதையில் ஓடாது. இந்நிலையில் செய்யக்கூடியவை இரண்டு. பாதை முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போடலாம். அல்லது சந்திப்பில் வண்டி மாற்றி ஏற்றலாம். நிரல் உலகிலும் இந்த இரு வழிகளே உள்ளன.

ஓகர் என்னும் முப்பரிமாணப் படப்பொறி சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. அதனைச் சி ஷார்ப் மொழியில் மீண்டும் எழுதியமைத்தவர்கள் தம் ஆக்கத்திற்கு ஆக்சியம் எனப் பெயரிட்டனர். இது பாதையைப் பெயர்த்துப் போடும் வழி. சாம் லாண்டிங்கா 1998-இல் வெளியிட்ட எஸ்.டி.எல். என்னும் நூலகம் சி மொழியில் அமைந்தது. பீட் ஷின்னர்ஸ் 2000-ஆம் ஆண்டில் அதன்மேல் ஓர் உறையை இட்டு, பைத்தான் மாணவர்க்குப் பைகேம் என்று வழங்கினார். உள்ளே ஓடும் பொறி அதுவே. கைப்பிடி மட்டும் புதியது. இது வண்டி மாற்றி ஏற்றும் வழி. பெயர்த்து எழுதுவோர், மூல நூலகம் வளருந்தோறும் தாமும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆதலின் பெரும்பாலோர் உறையிடும் வழியையே நாடுகின்றனர்.

உறையிடுவோர் கருத வேண்டிய செய்திகள் நான்கு.

முதலாவது, பொருள்களின் வடிவம். சி மொழியில் ஒரு முழு எண் பொதுவாக நான்கு பைட்டுக்குள் அடங்கும். பைத்தானின் முழு எண்ணுக்கு அத்தகைய எல்லை இல்லை. பெரிய எண்ணொன்றைச் சிறிய பெட்டியில் திணித்தால் கணக்குப் பிறழும். எழுத்தின் நிலை இதனினும் நுட்பமானது. ‘விழுப்புரம்’ என்னும் சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் 6. யுனிகோடு முறையில், உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், அது 11 குறிகளாகிறது, யு.டி.எஃப்.-8 முறையில் சேமித்தால் 33 பைட்டுகள் ஆகிறது. ‘திண்டிவனம்’ என்னும் சொல்லிலும் எழுத்துகள் 6. ஆனால் குறிகள் 10, பைட்டுகள் 30. ஒரு குறிக்கு ஒரு வடிவம் என்று கருதி எழுதப்பட்ட நூலகம், தமிழைத் திரையில் சிதைத்தே காட்டும். கொம்பு எழுத்துக்கு முன்னே செல்ல வேண்டும். ழகரமும் உகரமும் ஒட்டி ஒரே வடிவாக வேண்டும். இவ்வொழுங்கைச் செய்வதற்கு ஹார்ஃப்பஸ் என்னும் தனி நூலகமே இருக்கிறது. படவரைவு நூலகம் அதனைத் துணைக்கொள்கிறதா என்று தமிழ் மாணவர் முதலிலேயே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

இரண்டாவது, உடைமை. சி மொழியில் நினைவகத்தில் பெற்ற இடத்தை நிரல் எழுதுபவரே திருப்பிக் கொடுக்க வேண்டும். பைத்தானில், ஒரு பொருளை யாரும் பயன்படுத்தவில்லை என்று கண்டதும் மொழியே அதனை அகற்றிவிடும். ஒரு படத்தை இரு மொழிகளும் கையாளும்போது, அதனை அகற்றும் பொறுப்பு யாருடையது? திருமணத்திற்கு அண்டாவை இரவல் வாங்கியவர் ஒருவர், கொடுத்தவர் ஒருவர். சமையல் நடந்துகொண்டிருக்கும்போதே உடையவர் அண்டாவை எடுத்துச் சென்றால் சமையல் கெடும். பைத்தான் அகற்றிவிட்ட படத்தைப் பொறி வரையப் புகுந்தால் நிரல் விழுந்துவிடும். விருந்து முடிந்தும் அண்டாவை யாரும் எடுக்காவிட்டால் அடுக்களையில் இடம் போதாது. அவ்வாறே நினைவகமும் சிறிது சிறிதாக நிரம்பிப்போகும். ஆகவே உடையவர் யார், இரவல் எவ்வளவு காலம் என்பவற்றை உறையில் தெளிவாக வரையறுத்தல் வேண்டும்.

மூன்றாவது, பிழையைத் தெரிவிக்கும் முறை. படக்கோப்பு கிடைக்காவிட்டால், சி நூலகம் பெரும்பாலும் ஓர் எண்ணையோ வெற்றுக் குறியையோ திருப்பித் தரும். கேட்பவர் அதனைக் கவனிக்காமல் விடவும் கூடும். பைத்தானோ வேலையை நிறுத்திப் பிழையை உரக்கச் சொல்லும். முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவது உறையின் கடமை.

நான்காவது, கடக்கும் செலவு. சந்திப்பில் மூட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றி ஏற்றினால் பொழுது போய்விடும். ஒரு மொழியிலிருந்து மறுமொழிக்குச் செல்லும் ஒவ்வோர் அழைப்பிற்கும் சிறு செலவு உண்டு. 10,000 புள்ளிகளைப் பதினாயிரம் அழைப்புகளில் அனுப்புவதைவிட, ஒரே வரிசையாக்கி ஓர் அழைப்பில் அனுப்புவது சிறந்தது. நல்ல உறை இதற்கு இடமளிக்கும்.

இவ்வுறைகளைக் கையால் எழுதுவது சலிப்பூட்டும் பணி. டேவிட் பீஸ்லி என்பவர் 1995-இல் ஸ்விக் என்னும் கருவியை உருவாக்கத் தொடங்கினார். நூலகத்தின் ஆணைப் பட்டியலைப் படித்து இணைப்பு நிரலைத் தானே எழுதித் தரும் கருவி அது. எனினும் உடைமை பற்றிய தீர்ப்பை மனிதனே அதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். முத்தையா அண்ணாமலை என்பவர் தமிழ் மாணவர்க்காக எழில் என்னும் நிரல்மொழியை உருவாக்கி, 2009-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அச்சிடுவதற்கு அதில் ‘பதிப்பி’ என்று ஆணையிடுகிறோம். ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். எழிலில் நிபந்தனையைச் சொல்லிய பின்னரே ‘ஆனால்’ என்கிறோம். சொல்லை மட்டும் மாற்றாமல் தொடரமைப்பையும் தமிழின் வழியில் அமைத்தது போற்றத்தக்கது.

எழிலிலிருந்து ஆமைப் படவரைவையும் கையாள வழி செய்யப்பட்டது. அந்த ஆமையின் பயணம் நீண்டது. 1967-இல் சீமூர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் உருவாக்கிய லோகோ மொழியுடன் வளர்ந்தது ஆமை. பைத்தானின் ஆமை, டிசிஎல் என்னும் வேறொரு மொழிக்காக ஜான் ஆஸ்டர்ஹவுட் எழுதிய டிகே நூலகத்தின்மேல் ஊர்கிறது. எழில், பைத்தானின்மேல் அமைந்தது. ஆக, ஒரு தமிழ் ஆணை திரையில் கோடாவதற்குள் பல சந்திப்புகளைக் கடக்கிறது. மாணவரோ கோட்டை மட்டுமே காண்கிறார். இணைப்பு செம்மையாக இருப்பதற்கு அதுவே சான்று.

நீங்களே இத்தகைய உறையொன்றைச் செய்து பார்க்கலாம். 2008-இல் வெளிவந்த பைத்தான் 3, ஆணைகளுக்குத் தமிழ்ப் பெயர் இடுவதை ஏற்கிறது. ‘முன்செல்’, ‘வலம் திரும்பு’ என்னும் பொருளில் இரண்டு பெயர்களை அமைத்து, ஒவ்வொன்றின் உள்ளும் ஆமையின் உரிய ஆணையை வையுங்கள். 100 அளவு முன்சென்று 90 பாகை திரும்புவதை நான்கு முறை செய்தால் சதுரம்; 60 பாகை திரும்பி ஆறு முறை செய்தால் அறுகோணம். அடுத்துக் கோலத்திற்குச் செல்லலாம். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி முதலியோர் கோலங்களின் அமைப்பைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து 1974-இல் வெளியிட்டனர். நம் வாயிலில் இடும் கோலம் உலகக் கணினி ஆய்வில் இடம்பெற்றது இவ்வாறு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். பாலம் கட்டுவதைக் காட்டிலும் பேணுவது அரிது. பைஎஸ்டிஎல் என்ற இணைப்பின் வளர்ச்சி நின்றுபோனதாலேயே பைகேம் தோன்றியது. ஓகருக்கு அன்பர்கள் செய்த பைத்தான் இணைப்பும் பேணுவாரின்றி நின்றது. பின்னர் ஓகரே ஸ்விக் வழியாக ஓர் இணைப்பைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. மூலம் மாறும்போது உறையும் மாறியாக வேண்டும். தமிழ்க் கருவிகளுக்கும் இவ்விதி பொருந்தும். ஒருவர் உழைப்பில் பிறந்தது பலர் உழைப்பில்தான் வாழும்.

தமிழில் நிரல் எழுதினால் ஆங்கிலம் வேண்டாவோ என்று சிலர் ஐயுறுவர். வேண்டும். நூலகங்களின் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆயினும் ‘நிபந்தனை’, ‘சுழற்சி’ என்னும் கருத்துகள் முதலில் தாய்மொழியில் மனத்தில் பதிந்துவிட்டால், பிறமொழிச் சொற்கள் அச்சத்தைத் தருவதில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பயிலும் மாணவர் ஐவர் அறுவர் கூடி, சிறிய நூலகம் ஒன்றை எடுத்து, அதற்குத் தமிழ்க் கைப்பிடி இட்டு, ஆண்டுதோறும் அடுத்த வகுப்பினரிடம் ஒப்படைத்து வருவார்களாயின், அப்பாலம் நிலைத்து நிற்கும். அதன் வழியே நடந்து செல்வோர், அதைக் கட்டியவரினும் பலராவர்.