கையெழுத்து விழாத பட்டம்

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று வந்த ஒரு மாணவருக்கு, 1941ஆம் ஆண்டில், பி.ஏ. இறுதித் தேர்வுக்குப் பதினைந்து நாட்களே இருந்தன. தேர்வு எழுதினால் பட்டம். பட்டம் வந்தால் உத்தியோகம். உத்தியோகம் வந்தால் குடும்பத்துக்கு நிம்மதி. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் படித்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த பாதை அது ஒன்றுதான். பிப்ரவரி 28ஆம் நாள் போலீசார் வந்தனர். மாணவர் சிறை புகுந்தார். தேர்வு அவரில்லாமலே நடந்து முடிந்தது.

அவர் புரிந்த குற்றம் யாது? கொள்ளையா, கொலையா? அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கைது செய்தது அநீதி என்று மதுரையிலே குரல் எழுப்பினார். அவ்வளவுதான்!

அந்த மாணவர்தான் தோழர் என். சங்கரய்யா. 1922ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் பிறந்து, நூறாண்டைக் கடந்து வாழ்ந்து, 2023 நவம்பர் 15ஆம் நாள் சென்னையில் கண்மூடிய பெரியவர். அவரோடு நாம் கைகோத்து நின்ற நாட்களும் உண்டு. எதிரெதிரே நின்று வாதாடிய நாட்களும் உண்டு. இரண்டுக்கும் நாடு சாட்சி. ஆனால், அந்தப் பெரியவரின் கடைசி நாட்களில் நடந்த ஒரு காரியத்தைப் பற்றி எழுதும்போது கட்சிக் கணக்குப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை.

சிறைக்கதையை முதலில் சொல்லிவிடுவோம். மதுரையிலிருந்து வேலூர்ச் சிறைக்கு அனுப்பினார்கள். அரசியல் கைதிகளுக்குள்ளேயே வகுப்புப் பிரித்து, ஒருவருக்கு ஒரு சோறு, மற்றவருக்கு வேறு சோறு என்று வைத்திருந்த காலம் அது. எல்லாரையும் ஒன்றாக நடத்து என்று கேட்டு உண்ணாவிரதம் தொடங்கிற்று. பத்தொன்பது நாட்கள் நீடித்தது. பத்தாம் நாள் பார்வையிட வந்த சிறை அதிகாரி, இளைஞர் சங்கரய்யா கார்க்கியின் ‘தாய்’ நாவலைப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டு திகைத்துப் போனார் என்பார்கள். பத்து நாள் பட்டினி கிடப்பவன் முனகிக்கொண்டு கிடப்பான் என்று எதிர்பார்த்து வந்தவர், பாவம்!

அதே 1941இல், அதே வேலூர்ச் சிறையில் அடைபட்டிருந்தவர் காமராசர். பட்டத்தை இழந்துவிட்டு வந்தவர் ஒருவர்; கல்லூரி வாசலையே மிதியாதவர் இன்னொருவர். பின்னாளில் இருவரும் வெவ்வேறு முகாம்களில் நின்று அரசியல் நடத்தினர். அந்தக் காமராசரின் பெயரைத்தான் 1966இல் எழுந்த மதுரைப் பல்கலைக்கழகம் 1978 முதல் தாங்கி நிற்கிறது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு வருவோம்.

சிறை ஒரு முறையோடு தீர்ந்ததா? இல்லை. வெளியே வந்தார், 1942 போராட்டம் வந்தது, மீண்டும் உள்ளே போனார். பி. இராமமூர்த்தி முதலியோரோடு சேர்த்து மதுரைச் சதி வழக்கில் அவரையும் பூட்டினார்கள். விடுதலை கிடைத்தது எந்த நாளில்? 1947 ஆகஸ்ட் 14! நாடு முழுவதும் கொடி தைத்துக்கொண்டிருந்த நாளில்தான் இவருக்குச் சிறைக்கதவு திறந்தது. அடுத்த மாதமே நவமணி அம்மையாரை மணந்தார். அவர் கிறித்துவக் குடும்பத்துப் பெண். சாதியும் மதமும் பாராத மணங்கள் அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகும் பல நடந்தன. மேடையில் சாதி ஒழிப்பைப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சாதகக் கட்டைப் புரட்டுகிறவர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள். நாம் யாரையும் சுட்டவில்லை.

சுதந்திர நாட்டிலும் கம்யூனிஸ்டுக் கட்சிக்குத் தடை வந்தது. தலைமறைவு வாழ்வும் சிறையும் தொடர்ந்தன. மொத்தக் கணக்கு: சிறையில் எட்டாண்டு, தலைமறைவில் மூன்றாண்டு. 1964 ஏப்ரலில் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறிய 32 பேரில் அவர் ஒருவர். மார்க்சிஸ்டுக் கட்சி பிறந்த கதை அது. அவர்களில் எஞ்சியிருந்த அச்சுதானந்தனும் 2025 ஜூலையில் மறைந்துவிட்டார். சட்டமன்றத்துக்கு மதுரை மேற்கிலிருந்து 1967இலும், மதுரை கிழக்கிலிருந்து 1977இலும் 1980இலும் வந்தார். 1995 முதல் 2002 வரை கட்சியின் மாநிலச் செயலாளர். மந்திரி பதவியோ வாரியத் தலைமையோ அவர் பக்கம் வந்ததில்லை. அவரும் அவற்றின் பக்கம் போனதில்லை.

2021இல் தமிழக அரசு ‘தகைசால் தமிழர்’ விருதை ஏற்படுத்தி, முதல் விருதை அவருக்கே அளித்தது. பத்து இலட்சம் ரூபாய்! கொரோனாக் கொடுமை நாட்டை வாட்டிய வேளை. அந்தத் தொகையை முதலமைச்சரின் நிவாரண நிதிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்தவர் பணத்தில் தருமம் செய்வோரைப் பார்த்துப் பார்த்துச் சலித்த நமக்கு, தமக்கு வந்த பணத்தை விட்டுக்கொடுத்தவரைக் கண்டது ஓர் ஆறுதலாயிருந்தது.

இனிப் பட்டத்துக்கு வருவோம். 2023இல், சங்கரய்யாவுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வாயிலாக டாக்டர் பட்டம் அளிப்பது என்ற யோசனையை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு ஏற்றது, பேரவையும் ஏற்றது. மிஞ்சியது வேந்தரின் ஒப்பம் ஒன்றே. அப்போதைய கவர்னர் ஆர்.என். ரவி, வேந்தர் என்ற முறையில், அந்த ஒப்பத்தை இடவில்லை.

ஏன் இடவில்லை? தகுதி போதாதா? தேர்வை இழந்து, எட்டாண்டு சிறையை ஏற்றவருக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு உண்டு? அல்லது கொள்கை பிடிக்கவில்லையா? பிடிக்க வேண்டிய அவசியமில்லையே! கொள்கை பிடித்தவருக்குத்தான் பட்டம் என்றால், ஆட்சி மாறும்தோறும் பட்டங்களைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். பல்கலைக்கழகம் ஒரு முடிவு செய்து கோப்பை அனுப்புகிறது. முடிவு செய்தவர்கள் ஆசிரியர்களும் கல்வியாளர்களும். தடுத்தவர் ஒரே ஒருவர். வேந்தர் பதவி சட்டத்தால் கிடைத்த பதவி. அதைக்கொண்டு ஒரு முதியவரின் கையில் ஒரு தாள் போய்ச் சேராமல் தடுக்க முடிகிறது என்றால், திருத்த வேண்டியது சட்டம் என்று நாம் கருதுகிறோம். பட்டம் வராததால் சங்கரய்யா குறைந்துவிட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லைதான். ஆனால் அவர் குறையவில்லை என்பதால், செய்தது சரியாகிவிடாது. 1941இல் அவரைத் தேர்வெழுதவிடாமல் செய்தது அன்னிய ஆட்சி. 2023இல் தடுத்தது யாருடைய ஆட்சியின் கை?

நவம்பர் 2ஆம் நாள் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா நடந்தது. கவர்னர் தலைமை தாங்கினார். உயர்கல்வி அமைச்சர் பொன்முடி அவ்விழாவைப் புறக்கணித்தார். நூற்றொரு வயதுக்காரர் சென்னையிலேயே இருந்தார். பதின்மூன்றாம் நாள் அவர் மறைந்தார். காவலர் துப்பாக்கி முழங்க, அரசு மரியாதையோடு பெசன்ட் நகரில் உடல் எரியூட்டப்பட்டது. கோப்பில் அப்போதும் கையெழுத்து இல்லை.