கண்ணுக்குள் சேரும் கீரை

தாவரச் சத்தை மாத்திரையாக விழுங்குபவர்கள் பின்லாந்தில் 1985-ல் தொடங்கிய ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். காய்கறி நிறையச் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பார்த்து, கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டீன்தான் காக்கிறது என்று மருத்துவர்கள் நம்பினார்கள். புகைபிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு அதைத் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1994-ல் வந்த முடிவு அதிர வைத்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வு, மாத்திரையை விட்டுச் சாப்பாட்டைப் பார்த்தது. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி சிதைவது உண்டு. நேர்கோடு வளைந்து தெரியும். எதிரே நிற்பவரின் உருவம் தெரிந்தாலும் முகம் தெரியாது. பீட்டா கரோட்டீனும் அதன் இனத்து நிறமிகளுமான கரோட்டினாய்டுகளை அதிகம் உண்டவர்களிடம் இந்நோய், மிகக் குறைவாக உண்டவர்களைவிட 43 சதவீதம் குறைவு. பாலக் போன்ற கரும்பச்சைக் கீரைகளோடுதான் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது.

அந்தக் கீரைகளில் நிறைய இருப்பவை லூட்டீன், ஸியாக்ஸாந்தின் என்ற கரோட்டினாய்டுகள். இவற்றை நம் உடம்பால் உண்டாக்க முடியாது. சாப்பிட்டால் ரத்தத்தோடு போய் விழித்திரையின் நடுவே மஞ்சளாகப் படிகின்றன. உள்ளே வரும் நீல ஒளியை வடிகட்டுகின்றன.

இவற்றையும் மாத்திரையாக்கிப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே கண் பழுதடையத் தொடங்கியவர்களுக்கான வைட்டமின் மாத்திரையோடு லூட்டீனைச் சேர்த்தபோது மொத்தத்தில் கூடுதல் பயன் தெரியவில்லை. சாப்பாட்டில் லூட்டீன் மிகவும் குறைந்திருந்தவர்களுக்கு மட்டும் நோய் முற்றும் அபாயம் 26 சதவீதம் குறைந்தது. எனக்கு இதுதான் முக்கியமான செய்தியாகப் படுகிறது: தட்டில் கீரை இல்லாதவருக்கே மாத்திரை கைகொடுத்தது. நோய் தொடங்கியவர்களுக்கு அது வேண்டுமா என்பதைக் கண் மருத்துவர் சொல்லட்டும். மற்றவர்கள் அதற்குச் செலவழிக்கக் காரணம் இல்லை.

அந்த லூட்டீன் பெரும்பாலும் செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுக்கப்படுகிறது. நமக்கோ முருங்கைக்கீரை வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. லூட்டீன் கொழுப்பில் கரைவது என்பதால், எண்ணெயில் தாளித்த பொரியலோ நெய் விட்ட கடைசலோதான் சரி. முட்டை உடைத்து ஊற்றிய முருங்கைக்கீரைப் பொரியல் இன்னும் நல்லது. மஞ்சள் கருவிலுள்ள லூட்டீனும் உடம்பில் எளிதாகச் சேரும்.

ஆனால் கீரை மிகவும் தேவைப்படும் வயதில்தான் அது தட்டிலிருந்து போய்விடுகிறது. தனியாக இருக்கும் பாட்டிக்கு ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்து அலசுவது பெரிய வேலை. தாத்தாவுக்குப் பல் இல்லை. வாரம் இரண்டு முறை பிள்ளைகள் ஆய்ந்து கொடுத்தால், நன்றாக வேகவைத்து மசித்துவிடலாம்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோர் மட்டும் கீரையைத் திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அதே அளவில் தொடரலாம்.