கருமலம் காட்டும் குருதிப்போக்கு

மலம் தாரைப்போற் கறுத்துப் பிசுபிசுத்துப் போகுமாயின், அதனை 'உடம்புச் சூடு' என்று சொல்லி இளநீர் பருகிவிட்டு வாளா இருப்போர் நம்மிடையே பலர். அது சூடன்று, குருதி. உணவுக்குழல், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றிற் கசியும் குருதி, குடல்வழியே நெடுந்தொலைவு இறங்கி வருகையில் நிறம் மாறிக் கறுக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும்; ஆயினும் அதில் தாரின் பிசுபிசுப்பும் கடுநாற்றமும் இரா. பெருங்குடலில் முளைக்கும் 'பாலிப்' என்னும் சதைமொட்டுக் கசிந்தாலோ, குருதி பெரும்பாலும் செந்நிறமாகவோ கண்ணுக்குப் புலப்படாமலோ வெளிப்படும். அது தனியே எழுதத்தக்க பொருள்.

மேற்பகுதிக் குருதிப்போக்குக்குப் பெருங்காரணம் வயிற்றுப்புண். காரமும் கவலையுமே புண்ணைத் தோற்றுவிக்கும் என்று மருத்துவரும் நெடுங்காலம் நம்பினர். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்னும் இருவர், இரைப்பையில் வாழும் 'ஹெலிக்கோபாக்டர் பைலோரி' என்ற கிருமியைப் பிரித்தெடுத்தனர். நம்புவார் சிலரே. 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வருவித்துக்கொண்டார்! நோபெல் பரிசு 2005இல் வந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இச்செய்தி நெருக்கமானது. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோ கியன் லீ, பராசக்தி ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, இக்கிருமி மலாய்க்காரரிடம் குறைவாகவும் இந்தியர், சீனரிடம் மிகுதியாகவும் இருத்தலைக் காட்டிற்று. ஒரே ஊரில் வாழ்வோரிடையே இவ்வேறுபாடு ஏன்? கிருமி இளமையிலேயே குடும்பத்துக்குள் தொற்றுவது. ஆகவே பாட்டன் பாட்டியரிடம் இருந்தது அவ்வினத்துக்குள்ளேயே வழிவழியாகச் சுழல்கிறது என்பது அவர்தம் கருத்து. இன்னொரு புதிர்: கிருமி மிகுந்திருந்தும், இரைப்பைப் புற்று சீனரைவிட இந்தியரிடம் குறைவு.

மற்றொரு காரணம் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. முழங்கால் வலிக்கென்று மருந்துக்கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகள் பல, இரைப்பையின் காப்பைக் குலைப்பன. இதயத்துக்கென மருத்துவர் தந்த ஆஸ்பிரினையோ தாமாக நிறுத்துதலும் கூடாது; கேட்டறிதல் வேண்டும்.

கருமலம் கண்டவர், குருதி வாந்தி எடுத்தவர், எழுந்தால் தலை சுற்றுபவர் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுதல் வேண்டும். அங்கு முதலில் நாளத்தின்வழி நீர் ஏற்றுவர். குருதியை வாரி வழங்குதலே நலம் என்று உறவினர் எண்ணுவர். ஆனால் 2013இல் பார்சிலோனா மருத்துவர் வெளியிட்ட ஆய்வில், ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழிறங்கிய பின்னரே குருதி பெற்றோர் மிகுதியாய்ப் பிழைத்தனர். இதய நோயாளர்க்கு அளவு வேறு. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வாய்வழியே உள்நோக்குக் குழாயைச் செலுத்திப் புண்ணைக் காண்பர். குருதி பீறிடுமாயின், அட்ரினலின் ஊசியோடு சூடோ சிறு கவ்வியோ கொண்டு அடைப்பர். முன்னர் வயிற்றைக் கீறியே செய்த வேலை இது.

குருதி நின்றவுடன் வேலை முடிந்ததென்று வீடு திரும்புவோர் உளர். கிருமி இருப்பின் புண் மீளும். ஆகவே அமிலம் குறைக்கும் மருந்தோடு கிருமிக்கொல்லி மாத்திரைகளை இரண்டு வாரமளவு ஒருநாளும் தவறாது உண்ணல் வேண்டும். கிருமிக்கொல்லி முடிந்து நான்கு வாரமேனும் சென்றபின், மூச்சுச் சோதனையால் கிருமி ஒழிந்ததா என்று பார்ப்பர். ஒழியாவிடின் மருந்தை மாற்றித் தருவர்.