டீத்தூள் நமத்துப் போனதை நிறம் சொல்லாது

கச்சிராயபாளையம் கடைத்தெருவுக்கு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறவர்கள் மாசத்துக்கு வேண்டிய மளிகையை ஒரே தடவையாகக் கட்டிக்கொண்டு போவதுண்டு. அந்தப் பையில் மிளகாய்த்தூளுக்கும் துணி சோப்புக்கும் நடுவில் அரைக் கிலோ டீத்தூள் பொட்டலமும் கிடக்கும். பத்து நாள் போனதும், "இந்தத் தடவை தூள் சரியில்ல, கடைக்காரன் கலந்துட்டான்" என்று பேச்சு வரும். கலப்படம் நடக்கிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பல நேரம் தூளைக் கெடுத்தது நம்ம அடுப்பங்கரையாகத்தான் இருக்கும்.

நாம் வாங்குவது பெரும்பாலும் டஸ்ட் டீ. 1930 வாக்கில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் கொண்டுவந்த சி.டி.சி. முறையில், இலையைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவில் விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறார்கள். சீக்கிரம் சாயம் இறங்கும், பாலுக்கும் தாங்கும், விலையும் குறைவு. நீலகிரியிலிருந்தும் வால்பாறையிலிருந்தும் நமக்கு வரும் தூளில் பெரும்பகுதி இந்த வகைதான். இதில் ஒரு சங்கடம் உண்டு. இலை எவ்வளவு பொடியோ, காற்று படுகிற பரப்பு அவ்வளவு கூடுதல். அதனால் முழு இலைத் தேயிலையைவிட டஸ்ட் சீக்கிரம் கெடும்.

தொழிற்சாலையில் உலர்த்தி எடுக்கும்போது தூளில் ஈரம் சுமார் 3 சதவீதம்தான் இருக்கும். கிட்டத்தட்ட சருகு மாதிரி. அதனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் குணம் வேகமாக இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், அதுவும் மலைமேல் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும்போது, காகிதப் பொட்டலத்தில் இருக்கும் தூளுக்கு இந்த எல்லையைத் தாண்ட ரொம்ப நாள் ஆகாது. முறுக்கு நமத்தால் கடிச்சதும் தெரிந்துவிடும். டீத்தூள் நமத்தால் தெரியாது, அதுதான் பிரச்னை.

முதலில் போவது வாசனை. லினலூல், ஜெரானியால் என்று பூக்களிலும் இருக்கிற வாசனைப் பொருள்கள் சீக்கிரம் ஆவியாகிவிடும். அடுத்து நாக்கில் சுருக்கென்று படும் அந்த விறுவிறுப்பு குறையும். அதைக் கொடுக்கும் தியாஃபிளேவின் காற்றும் ஈரமும் பட்டு மெல்லக் கரைகிறது. ஆனால் பழுப்புச் சாயம் அப்படியே இருக்கும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கிற நாம் டீயை எடைபோடுவது நிறத்தை வைத்துத்தானே? நிறம் இருக்கு, ருசி இல்ல. சரி, இன்னும் அரை ஸ்பூன் போடு. இப்படிப் போட்டால் மாசக் கணக்குக்கு வாங்கின தூள் மூணு வாரத்தில் தீர்ந்துபோகும். மலை வீட்டுக்காரர்களுக்கு அது இன்னொரு பஸ் செலவு.

கலப்படக்காரர்கள் பிழைப்பதும் இதே பலவீனத்தில்தான். சந்தேகம் இருந்தால், வெள்ளை வடிகட்டித் தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்துவிட்டு, தூளைத் தட்டிவிட்டுப் பாருங்க. கண்ணைப் பறிக்கிற மாதிரி கறை உடனே ஒட்டியிருந்தால் சாயம் ஏற்றியது. கறை இல்லாமல் ருசியும் இல்லாமல் இருந்தால், வைத்த இடத்தைப் பாருங்க.

வாசனையை இழக்கிற தூள், பக்கத்து வாசனையைப் பிடிக்கவும் செய்யும். சீனாவில் மல்லிகைத் தேநீர் செய்வதே இந்தக் குணத்தை வைத்துத்தான். தேயிலையோடு மல்லிகையை ராத்திரி கலந்து வைத்துவிட்டு, காலையில் பூவை எடுத்துவிடுவார்கள். நல்ல சரக்கானால் இதைப் பல ராத்திரி செய்வார்கள். நம்ம அலமாரியில் அந்த மல்லிகை இடத்தில் இருப்பது பெருங்காயமும் கற்பூரமும் சாம்பார் பொடியும்!

சரி, எதில் வைப்பது? இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பா நல்லது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் பரவாயில்லை, ஆனால் கண்ணாடி வெளிச்சத்தை விடும். மூடின அலமாரிக்குள் வைக்கணும். மசாலா இருந்த பிளாஸ்டிக் டப்பா மட்டும் வேண்டாம், எத்தனை கழுவினாலும் மணம் போகாது. பாத்திரத்தைவிட முக்கியம், அதை எத்தனை தடவை திறக்கிறோம் என்பது. ஒரு நாளைக்கு மூணு தடவை திறந்தால் மூணு தடவை புது ஈரக்காற்று உள்ளே போகும். தூள் குறையக் குறைய அந்தக் காற்றுக்கு இடமும் கூடும். அதனால் ஒரு வாரத்துக்கானதைச் சின்ன டப்பாவில் எடுத்துவிட்டு, மீதியை இன்னொரு டப்பாவில் வாய்வரை தட்டி நிரப்பி, மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கிவிடுங்க. ரேஷன் கடை ஊட்டி டீ மாதிரி பாக்கெட்டில் வந்தால் கொட்டவே வேண்டாம். வாயை மடித்துக் கிளிப் போட்டு, பாக்கெட்டோடு டப்பாவுக்குள் வைக்கலாம். சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்குகிறவர்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்லுவாங்க. எடைக்கு விலை கூடுதல்தான், ஆனால் கடைசி ஸ்பூன்வரை தூள் புதுசு.

உப்பில் போடுகிற மாதிரி டீத்தூளுக்குள் அரிசி முடிச்சுப் போடுகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. இது வேண்டவே வேண்டாம். நாம் சேர்த்து வைக்கும் அரிசியில் ஈரம் 12, 13 சதவீதம் இருக்கும், தூளில் 3. ஈரம் எந்தப் பக்கம் போகும் என்று நீங்களே பாருங்க.

பிரிட்ஜும் அப்படித்தான். குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்தால் உள்ளே வேர்க்கும், மீன்குழம்பு வாசனை வேறு. அடுப்புக்கு நேர் மேல் தட்டும் ஆகாது, ஏனென்றால் சோறு வடிக்கும் ஆவி முழுக்க அங்கேதான் போகும். கரண்டி காய்ந்திருக்கணும். கொதிக்கிற பாத்திரத்துக்கு மேல் டப்பாவைப் பிடித்தபடி தட்டிப் போடுகிற பழக்கத்தை விட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஏற்கெனவே நமத்த தூளை வெறும் சட்டியில், இளஞ்சூட்டில் ஒரு நிமிஷம் புரட்டினால் ஈரம் போகும், போன வாசனை வராது. இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போட்டுத் தீர்க்கலாம். கட்டி கட்டியாகிப் பூசண வாடை வந்திருந்தால் வறுக்கவும் வேண்டாம், குப்பைக்குழியில் கொட்டிவிடுங்க.