வெங்காய வேரில் ‘ஒன்றும் தெரியவில்லை சார்’

மேல்நிலை வகுப்பு ரெக்கார்டு நோட்டில் செல் பிரிதலுக்கான பக்கத்தைப் புரட்டினால் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என நான்கு படங்கள் கூரான பென்சிலில் வரிசையாக நிற்கும். அவற்றை அதே அழகில் மைக்ராஸ்கோப்பில் பார்த்த மாணவர்கள் குறைவு. பெரும்பாலும் கண்ணில் படுவது உருண்டை உட்கருவோடு கூடிய சாதாரணச் செல்கள். ‘ஒன்றும் தெரியவில்லை சார்’ என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்து வரைந்துவிடுவார்கள்.

அவர்கள் பார்த்துவிட்டு ஒதுக்கிய அந்தச் செல்களிடம்தான் இந்த வெங்காய வேர்ச் சோதனையின் பாதி விஷயம் இருக்கிறது.

வெங்காயத்தின் காய்ந்த வேர்களைச் சீவிவிட்டு, அடிப்பாகம் தண்ணீரைத் தொடும்படி குவளையின் வாயில் உட்காரவைத்தால் சில நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். நுனியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வெட்டினால் போதும். சற்று மேலே வெட்டியவருக்கு நீண்டு வளர்ந்த செல்கள்தான் கிடைக்கும், பிரிவன கிடைக்காது. ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு எத்தனாலும் கலந்த கரைசலில் போட்டதும், ஒவ்வொரு செல்லும் அப்போதிருந்த நிலையிலேயே நின்றுவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் செல்களுக்கு இடையிலுள்ள பிணைப்பை இளக்கும். அசிட்டோகார்மைன் குரோமோசோம்களுக்குச் சிவப்பேற்றும். பிறகு கவர் ஸ்லிப்பை வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கண்ணாடி பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டுபோகும். அழுத்தம் போதாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து ஒரே இருட்டு.

ஸ்லைடில் இருப்பவை இறந்த செல்கள், எதுவும் அசையாது. ஆனாலும் அவற்றிலிருந்து நேரத்தைக் கணக்கிடலாம். மதிய வேளையில் ஒரு ஓட்டலைப் படம் பிடித்தால் சாப்பிடுகிறவர்கள் நிறைய இருப்பார்கள், கை கழுவுகிறவர்கள் ஓரிருவர். எதற்கு அதிக நேரம் பிடிக்கிறது என்பது படத்திலேயே தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, வேர்நுனியில் எண்ணிய 200 செல்களில் 20 பிரிவு நிலையில் இருந்தால், செல்லின் வாழ்க்கையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரமே பிரிவதற்குப் போகிறது. இந்த விகிதத்துக்கு மைட்டாடிக் குறியீடு என்று பெயர். மிச்ச நேரத்தில் செல் சும்மா இருப்பதில்லை. வளர்கிறது, தன் 16 குரோமோசோம்களிலும் உள்ள டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. ‘ஒன்றும் தெரியாத’ செல்களில் நடப்பது அதுதான்.

சாலமாண்டரின் செல்களுக்குச் சாயமேற்றிப் பார்த்து, கிரேக்கத்தில் நூலைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1882இல் ‘மைட்டாசிஸ்’ என்ற பெயரைத் தந்த வால்தர் ஃபிளெமிங்கும், சாயமேற்றிய செல்களின் நிலைகளை ஒப்பிட்டு எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தினார்.

ஆகவே நான்கு படங்களுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை எண்ணிக்கைக்குத் தரலாம் என்பேன். ஆளுக்கு 200 செல் எண்ணிக் கரும்பலகையில் எழுதினால், ஒருவர் எண் இன்னொருவர் எண்ணோடு ஒத்துப்போகாது. ஏன் என்று கேட்டால் அடுத்த பீரியட் அதிலேயே ஓடிவிடும்.