கவலையும் அறிவும்

வகுப்பிற் பின்தங்கும் மாணவனை மடியன் என்றும், தொழிலில் தவறிழைப்பவனை மந்த அறிவினன் என்றும் உலகம் எளிதிற் கூறிவிடுகின்றது. அங்ஙனங் கூறுவார், அக்குறைக்குக் காரணம் அவன்றன் இயல்பிலேயே உளதென்று துணிந்தவராவர். அத்துணிபு பொருந்துமா என்பதை உளநூலார் அண்மைக் காலத்தில் நுணுகி ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சிகளுள் தலையாய ஒன்று நம் தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களிலேயே நிகழ்ந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்து உழவர் குடிகளிலிருந்து கல்வி நாடி வருவார் பலர் நம்மிடையே உளராதலின், அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

தொழிலாளர் உள்ளத்தை ஆராயும் முயற்சி புதியதன்று. அமெரிக்காவிற் சிக்காகோ நகரை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில், 1924 முதல் 1932 வரை, விளக்கொளியையும் ஓய்வு நேரத்தையும் மாற்றி மாற்றி, அவற்றால் வேலை மிகுமா குறையுமா என்று ஆராய்ந்தனர். தொழிலாளர் தாம் எங்ஙனம் நடத்தப்படுகின்றனர் என்பதும் வேலையின் அளவை மாற்றும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அம்முடிவின் வலிமையைப் பின்னோர் ஐயுற்றனராயினும், தொழிலாளி பொறியல்லன், உள்ளமுடையான் என்னும் எண்ணம் அதனாற் பரவிற்று. 1948ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டமும், நலமென்பது நோயின்மை மாத்திரமன்று, உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் ஒருங்கே செவ்விதின் அமைதல் என்று வரையறுத்தது.

இனி, நம் நாட்டு ஆராய்ச்சிக்கு வருவோம். தமிழ்நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பேராசிரியராய் விளங்கும் செந்தில் முல்லைநாதனும், ஆனந்தி மணி, எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய அறிஞரும், 2010ஆம் ஆண்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 சிற்றூர்களைச் சார்ந்த 464 கரும்பு உழவரை ஆராய்ந்து, 2013இல் அதனை வெளியிட்டனர். கரும்பு உழவரைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. கரும்பு ஆண்டிற்கொருமுறை வெட்டப்படுவது. பணமும் ஒருமுறையே மொத்தமாகக் கைக்கு வரும். ஆகவே, ஒரே உழவன் வெட்டுக்குப் பின் சிலகாலம் வளமுடையனாகவும், அடுத்த வெட்டுக்கு முன் வறியனாகவும் இருக்கின்றான். ஆளை மாற்றாமலே வறுமையையும் வளத்தையும் ஒப்புநோக்க இதனினுஞ் சிறந்த வாய்ப்பு யாண்டுளது?

வெட்டுக்கு முன் அவர்கள் நிலை எத்தகையது? அடகு வைத்தோர் வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர். பின் 4 பேரே. கடன்பட்டிருந்தோர் முன் 99 பேர். பின் 13 பேர். இவ்விரு காலத்தும் அவர்கட்கு இருவகைத் தேர்வு வைத்தனர். ஒன்று, வரிசையாக அமைந்த வடிவங்களிற் குறைந்ததொன்றைக் கண்டு நிரப்பும் புதிர். மற்றொன்று, கவனத்தை அளப்பது: மூன்று முறை எழுதப்பட்ட 5 என்னும் எண்ணைக் காட்டினால், ‘ஐந்து’ என்று நாவில் எழுவதை அடக்கி, ‘மூன்று’ என்று எண்ணிக்கையைக் கூறல் வேண்டும். புதிரில் வெட்டுக்கு முன் சராசரி 4.35 விடைகளைச் சரியாகக் கூறிய உழவர், வெட்டுக்குப் பின் 5.45 கூறினர். கவனத் தேர்விலும் பின்னர் விரைவு மிகுந்தது, பிழை குறைந்தது. மனிதர் அவரே, மூளையும் அதுவே, மாறியது கையிலிருந்த பணமும் நெஞ்சிலிருந்த கவலையுமே.

இதற்குப் பல தடைகள் எழலாம். பருவம் மாறியதாலன்றோ இவ்வேறுபாடு என்பது ஒன்று. ஆலை ஒருநாளில் அரைக்கும் கரும்புக்கு அளவுண்டாதலின், வெட்டு உத்தரவு எல்லார்க்கும் ஒரே காலத்திற் கிடைப்பதில்லை. ஒரே திங்களில் ஒருவன் வெட்டி முடித்திருப்பான், அண்டையிலுள்ளான் காத்திருப்பான். ஆதலின் வெயிலும் மழையும் காரணமாகா. இரண்டாம் முறை எழுதுவதாற் பழக்கம் வந்ததெனின், வெட்டுக்குப் பின்னரே முதன்முறை தேர்வெழுதச் சிலரைத் தனியே நிறுத்தியிருந்தனர். அவரும் நன்றே செய்தனர். பசியோ எனின், உணவுச் செலவு இருகாலத்தும் பெரிதும் வேறுபடவில்லை. நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து, உடற்பதற்றம் ஒன்றே காரணமன்றென்றுங் கண்டனர்.

பின் எதனால் இது நிகழ்கின்றது? உள்ளத்தின் ஆற்றல் அளவுடையது என்பது உளநூலார் கொள்கை. ஏரியில் நீர் நிறைந்திருப்பினும், மதகுவழி வரும் நீரை இரு கால்களிற் பிரித்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் நீர் குறைந்தே ஓடும். அதுபோல, வட்டிக்காரன் நாளை வருவானே, நகையை எப்பொழுது மீட்பது என்னும் எண்ணங்கள் உள்ளத்தின் ஒருபகுதியை இடையறாது கொண்டுபோக, எஞ்சியது கொண்டே அவன் வயலையும் கணக்கையும் குடும்பத்தையும் நோக்கவேண்டியவனாகின்றான்.

இதனோடு இயைந்த வேறிரண்டு ஆராய்ச்சிகளும் அறியத்தக்கன. ஒடிசாவில் இலைத்தட்டுத் தைக்கும் ஏழைத் தொழிலாளருட் சிலர்க்குக் கூலியின் ஒரு பகுதியை முன்னதாகவே கொடுத்தனர். கூலிவீதம் மாறவில்லை, கொடுத்த நாள் மட்டுமே முந்தியது. அவர்கள் தைத்த தட்டுகள் ஏறத்தாழ நூற்றுக்கு 7 மிகுந்தன. கவனக் குறைவால் நேரும் பிழைகளுங் குறைந்தன. மற்றொன்று சென்னையில் 452 பேரிடம் நிகழ்ந்து, 2021இல் வெளிவந்தது. கணிப்பொறியில் எழுத்துப் பதிவுசெய்யும் அவ்வெளியோர், எட்டுமணி நேரம் படுத்திருந்தும் ஐந்தரை மணியளவே உறங்கினர். வெப்பமும் இரைச்சலும் கொசுவும் உறக்கத்தைக் கலைத்துக்கொண்டே இருந்தன. மெத்தை, மின்விசிறி, காதடைப்பு முதலியன அளித்து, இரவுறக்கம் ஏறத்தாழ அரைமணி மிகுந்தும், வேலையிற் பயன் காணப்படவில்லை. பகலிற் பணியிடத்திலேயே அமைதியாக அரைமணி கண்ணயர விட்டபொழுதோ, கவனமும் வேலைத்திறனும் மனநிறைவும் உயர்ந்தன. உறக்கத்தின் அளவினும் அதன் தன்மையே பெரிதுபோலும்.

இம்முடிவுகளை ஐயமின்றி ஏற்றல் வேண்டுமென்பது எம் கருத்தன்று. அமெரிக்காவிற் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைகளைச் சோதித்த ஓர் ஆராய்ச்சி, 2016இல், அறிவுத்திறனில் வேறுபாடு காணவில்லை. வறுமையின் உளநிலை பற்றிய 20 ஆய்வுகளை மீண்டுஞ் செய்துபார்த்தபொழுது மிகச் சிலவே உறுதிப்பட்டன என்பது 2021இல் வெளியாயிற்று. எனினும் நான்கு நாட் பணமுடை வேறு. ஆண்டில் பாதியைக் கடனிற் கழிப்பது வேறு. கரும்பு உழவர் நிலை பின்னதே என்பதை மறத்தலாகாது.

தமிழ் பயில்வார்க்கு ஈண்டு ஒன்று நினைவிற்கு வரும். திருவள்ளுவர் மடியைக் கடிந்து ‘மடியின்மை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். உழவதிகாரத்தின் இறுதியிலும், இல்லாமையைச் சொல்லிச் சோம்பியிருப்பாரை எள்ளினார். ஆயினும் அதனை அடுத்தே ‘நல்குரவு’ என்னும் அதிகாரத்தை வைத்து, வறியோன் நன்கு கற்றுச் சொல்லினும் சொல் ஏறாமையையும், வறுமை உறக்கத்தைப் பறித்தலையும் இரங்கி உரைத்தார். மடி வேறு, நல்குரவு வேறு. ஒன்றை மற்றொன்றாக மயங்கிக் காண்பது தவறென்பதே அவ்வைப்பு முறையால் நாம் கொள்ளத்தகும் பொருள்.

உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரிலுள்ள முதற்பராந்தகன் காலக் கல்வெட்டுக்கள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரிவாரியத்திற்கு அறுவர் என அவை விதிக்கின்றன. நீரைப் பற்றிய கவலையைத் தனியொருவன் தலையிற் சுமத்தாது சபை பகிர்ந்துகொண்ட முறை அது. ஆனால் வாரியத்திற் புக இறைநிலமும் சொந்த மனையும் வேண்டுமென்பதும் அக்கல்வெட்டின் விதியே. நிலமில்லாக் கூலியாள் கவலையை அது கூறவில்லை. கவலையைப் பகிர்தல் என்னும் அறத்தை அவ்வூரினின்று ஏற்று, அதனை எல்லார்க்கும் உரியதாக்குவதே நம் கடன்.

பள்ளிகளைப் பொறுத்தவரை தமிழ்நாடு அவ்வழியிற் சிறிது நடந்துளது. 1920இற் சென்னை ஆயிரம்விளக்குப் பள்ளியிற் தொடங்கிய நண்பகலுணவு, 1956இற் காமராசராலும் 1982இல் எம்.ஜி.இராமச்சந்திரனாராலும் விரிவடைந்தது, 2022இற் காலையுணவும் சேர்ந்தது. பிள்ளையின் பசியோடு, ‘காலையில் என்ன கொடுப்பேன்’ என்னுந் தாயின் கவலையையும் அவ்வுணவு தணிக்கின்றது. தொழிலிடத்தில், கடைகளிற் பணிபுரிவோர்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்று 2021இற் சட்டம் திருத்தப்பட்டது. பட்டுக்கடைகள் மலிந்த காஞ்சியில் நாள்முழுதும் நின்று சேலை விரித்துக்காட்டும் பெண்டிர்க்கு அதன் அருமை தெரியும்.

கல்லூரிகளிலும் செய்யத்தக்கது உண்டு. கட்டணம் கேட்கப்படுவது ஜூன் திங்களில். சொர்ணவாரி நெல் அறுவடையாவதோ ஆடி ஆவணியில். பருவத் தேர்வுக் கட்டணம் ஐப்பசி கார்த்திகையில். சம்பா நெல் வீடு வருவதோ தையில். உழவன் கை வறண்டு, உள்ளம் குலைந்திருக்கும் திங்களிலேயே பணமும், படிவமும், சான்றிதழும் ஒருங்கே கேட்கப்படுகின்றன. அதே திங்களிலேயே அவன் மகன் தேர்வுக்கும் படிக்கின்றான். தொகையைக் குறைக்க இயலாவிடினும், நாளை மாற்றலாம், தவணையாகப் பிரிக்கலாம், படிவத்தை எளிதாக்கலாம். ஒடிசாவிற் கூலிநாள் முந்தியதொன்றே பயன் தந்தது போல, ஈண்டுக் கட்டணநாள் பிந்துவதொன்றே பயன் தருதல் கூடும். அதற்குப் பொருட்செலவு மிகச் சிறிதே.

உடன்பயிலும் நண்பர்க்கும் ஒரு சொல். கரும்பு வெட்டுக்குக் காத்திருக்கும் வீட்டிலிருந்து வந்தவன் வகுப்பில் வினாவிற்கு விடைகூறாது விழித்து நிற்பானாயின், அவனுக்கு அறிவில்லை என்று முடிவுகட்டற்க. அவன் அறிவு அவனிடமே உளது. அதன் ஒரு பகுதி வயல்வரப்பில் வெட்டு உத்தரவுக்காகக் காத்து நிற்கின்றது.