கொள்முதலின் விலையும் அடக்கமும்

விற்பனையைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. வாங்குதலைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. வணிகவியல் பயிலும் மாணவரும் விளம்பரம், சந்தை என்றால் செவி சாய்ப்பர். கொள்முதல் என்றாலோ, அது பண்டகக் காப்பாளரின் வேலை எனக் கருதிவிடுவர். ஒரு நிறுவனத்தின் பணத்தில் பெரும்பகுதி அவ்வாயில் வழியாகவே வெளியேறுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையும் (அருணாசலேசுவரர் கோயிலால் அறியப்பெறும் திருவண்ணாமலை வேறு) இராசபாளையமும் உள்ளடங்கிய பகுதி இதனைக் கற்க ஏற்ற இடமாகும். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவையே முதலில் நோக்குவோம். நீர்த்த பால் மலிவாகக் கிடைக்கலாம்; ஆனால் அதனைச் சுண்ட வைக்க எரிபொருள் கூடும், கோவா குறையும். வாங்கிய விலை வேறு, அடக்கவிலை வேறு என்பது இதிலேயே விளங்கும்.

இக்கணக்கு பெருநிறுவனத்தில் எவ்வாறு விரிகிறது என்பதற்கு நூற்பாலைகளே தக்க சான்று. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் முதலாக இவ்வட்டாரத்தில் ஆலைகள் பல வளர்ந்தன. நூலின் அடக்கவிலையில் பாதிக்கு மேற்பட்டது பஞ்சின் விலையே. தமிழகத்தில் விளையும் பருத்தியோ இங்குள்ள ஆலைகளின் தேவையில் சிறு பகுதிக்குத்தான் போதும். எஞ்சியது குசராத்து, மராட்டியம், தெலங்கானா முதலிய மாநிலங்களிலிருந்து லாரியேறி வர வேண்டும்.

பஞ்சு, கண்டிக்கணக்கில் விலை பேசப்படுகிறது. ஒரு கண்டி என்பது ஏறத்தாழ 356 கிலோ. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கண்டி 55,000 ரூபாய்க்கு வாங்கிய பஞ்சில் 12 விழுக்காடு கழிவு போனால் 313 கிலோ நூல் கிடைக்கும். கிலோவுக்குப் பஞ்சுச் செலவு சுமார் 176 ரூபாய். 1,500 ரூபாய் மலிவாக, 53,500க்கு வாங்கிய பஞ்சில் 17 விழுக்காடு கழிவு போனால் நூல் 295 கிலோதான். செலவு 181 ரூபாய் ஆகிவிடும். கழிவும் விலைபோகும் என்பது உண்மையே; எனினும் பஞ்சின் விலை அதற்கு வாராது. வாங்கியவர் மிச்சப்படுத்தியதாகப் பாராட்டுப் பெறுவார். இழப்போ உற்பத்திப் பிரிவின் தலையில் எழுதப்படும்!

பஞ்சோடு வரும் சணல் இழை, பாலித்தீன் சாக்கின் துணுக்கு, தலைமயிர் ஆகியவை இன்னும் கொடியவை. நூலில் கலந்த ஓர் இழை, துணிக்குச் சாயமேற்றிய பின்னரே கண்ணுக்குப் புலப்படும். அதற்குள் அது வேறொருவர் கைக்குப் போயிருக்கும். எனவே நூற்பதற்கு முன்னரே தொழிலாளர்கள் பஞ்சைப் பரப்பிக் கையால் பொறுக்குகின்றனர். அந்தக் கூலியும் கொள்முதற் செலவே. இழை நீளமும் ஈரமும் சோதித்து, நம்பகமான அரவை ஆலையிடம் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குவதன் பயன் இங்குதான் தெரியும்.

எப்போது வாங்குவது என்பதும் எளிய வினாவன்று. வரத்து மிகுந்த பருவத்தில் நான்கு மாதத் தேவையை வாங்கி வைத்தால், 10 விழுக்காட்டு வட்டியில் 55,000 ரூபாய்ப் பஞ்சுக்கு 1,833 ரூபாய் சேரும். வாங்காதிருந்தாலும் இடர் உண்டு: 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கண்டி விலை ஓர் இலட்சத்தைத் தாண்டியது; பின்னர் அவ்வாண்டிலேயே சரிந்தது. அச்சத்தில் உச்சவிலைக்கு வாங்கி அடுக்கியோரும் இழந்தனர்.

இத்தகைய கணக்குகளைக் கணிப்பொறியில் ஏற்றும் மென்பொருளை இராசபாளையத்தை வேராகக் கொண்ட ராம்கோ குழுமமே 1990களில் உருவாக்கியது. கருவி இருப்பினும், எதனைச் செலவெனப் பதிவது என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டும்.

வாங்குவோர் பெரும்பாலும் பதியாத செலவு ஒன்றுண்டு. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் சிறு கூடங்கள் நிறைந்துள்ளன. நூலுக்குக் குறித்த நாளில் பணம் கட்டும் சிறு நெசவாளர், துணி வாங்கிய பெரிய நிறுவனம் மாதக்கணக்கில் பணம் தாராவிடில், கடன் வாங்கியே கூலி கொடுக்க வேண்டும். அந்த வட்டி அடுத்த முறை விலையில் ஏறும். இன்றேல் துணியின் தரத்தில் இறங்கும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு தொழிலாளரிடம் வாங்கிய சரக்குக்கு ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி. கெடு கடந்தும் கொடுக்காத தொகையை அவ்வாண்டின் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற இயலாதவாறு 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டமும் விதி செய்தது. 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் முறையிட்டால் அடுத்த ஆணை கிடைக்காதென அஞ்சும் சிறு தொழிலாளர் வாய் திறப்பதில்லை. நம் மாணவருள் சிலர் நாளை கொள்முதல் அலுவலராய் அமர்வர். அம்மேசைக்கு வரும் விலைப்பட்டியலின் தேதியை யாரும் கேளாமலே பார்க்கக்கூடியவர் அவர் ஒருவரே.